சாமி படத்துக்கு ஒரு மானிட்டர் உறை

நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். "அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் குரூப் படிச்சீங்களா மேடம்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும். "உங்க கிளாஸ்ல பொண்ணுங்க எல்லாம் எப்டி மேடம் மார்க்கு?" என்று அடுத்த கேள்வி வந்தால் கர்வம் இறங்கிவிடும். மோசம். நாங்கள் பையன்களைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தோம். அதற்குப் பையன்களைச் சொல்லலாம், வீட்டைச் சொல்லலாம், சாரைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி நான். அந்தக் குற்றத்திலிருந்து என்னை இழுத்து வெளியே போட்டவர்களில் ஒருத்தி என் பெஞ்சுத் தோழி, இன்னொருத்தி என் அம்மா. தோழிக்கு நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பத்து வருஷம் தெரியவே தெரியாது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பாவுக்கு மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், நெல்லும் போடக் கொஞ்சம் நிலம். அம்மாவுக்குப் பௌர்ணமிக் கடை. மலையைச் சுற்றி வருகிற ஜனம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மாதம் ஒரு நாள் கீற்றுப் பந்தல் போட்டு, பலகையில் கற்பூரம், ஊதுபத்தி, சுண்டல், மோர் என்று பரப்பிக்கொண்டு அம்மா உட்கார்ந்துவிடுவாள். தலைக்கு மேலே மூங்கிலில் கண்ணாடி போட்ட சாமி படம் ஒன்று தொங்கும். இத்தனைக்கும் அம்மா ஒரு தரம்கூட மலை சுற்றியதில்லை. கேட்டால், "நானும் சுத்தக் கெளம்பிட்டா சுத்துறவங்களுக்கு மோரு யாரு ஊத்துறது?" என்பாள். வாசலிலேயே இருக்கிற சாமி எங்கே ஓடிவிடப் போகிறது என்கிற மெத்தனம் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு.

பத்தாவதில் நான் நல்ல மார்க் வாங்கினேன். டவுனில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் அந்தச் சமயம்தான் கம்ப்யூட்டர் குரூப் ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவுக்கு இஷ்டமில்லை.

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குக் கம்ப்யூட்டரு? டீச்சர் டிரெய்னிங் போற மாதிரி எதனா எடுக்கச் சொல்லு."

"அவ கேக்கறத எடுக்கட்டும். படிக்கப்போறது அவளா, நீயா?" என்றாள் அம்மா.

அப்பா இறங்கி வந்தார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினாலும் அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார். அத்தை மகன் நல்லவன்தான். செங்கல் சூளை வைத்திருந்தான், சிரித்த முகம். எனக்குத்தான் அவனைப் பார்த்தாலே கம்ப்யூட்டர் ஞாபகம் ஜாஸ்தியாக வரும்.

பள்ளிக்கூடத்தில் ஆறு கம்ப்யூட்டர். ஆயுத பூஜை அன்று லேபைத் திறந்தார்கள். ஆறு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். கதவைத் திறந்ததும் உள்ளே சுவிட்ச் போர்டுக்கு மேலே பெரிய பிள்ளையார் படம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமையானால் கம்ப்யூட்டர் சார் கற்பூரம் காட்டுவார். அவர் காலேஜ் முடித்த கையோடு தற்காலிக வேலைக்கு வந்திருந்த இளவயசுக்காரர். பெண் பிள்ளைகளிடம் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துப் பேசுவார்.

வகுப்பில் பையன்கள் முப்பத்தொரு பேர், பெண்கள் பதினொரு பேர். பையன்களும் நாங்களும் பேசிக்கொள்ள மாட்டோம். பேசினால் அது மறுநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும். ஆகவே ஆறு மிஷினில் நாலு அவர்களுக்கு, வாசலோரத்து இரண்டு எங்களுக்கு என்று சார் பிரித்துக்கொடுத்தார். நியாயமான பங்குதான். ஆரம்பம் அவ்வளவு ஒன்றும் மோசமில்லை, இதைச் சொல்லியாக வேண்டும்.

கூடவே வேலையும் பிரிந்தது. மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் தூசி படாமல் துணி உறை தைக்க வேண்டும் என்றார் சார். பையன்கள் யாரும் அவர் பேச்சு காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருக்க, நாங்கள் பதினொரு பேரும் கை தூக்கினோம். ஊதாத் துணி வாங்கி, ஓரத்தில் வெள்ளை ஃபிரில் வைத்து, தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி தைத்துக்கொண்டு வந்தோம். மாதம் ஒரு தரம் துவைத்துப் போடுவதும் நாங்களே. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி என் குற்றம்.

பிளஸ் ஒன் படிக்கும்போது கார்த்திகை தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த வாரம். தெருவெல்லாம் சீரியல் லைட். அன்றைக்கு லேப் பீரியடில் என் தோழி கீபோர்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் டவுன்காரி, தேரடி பக்கம் வீடு, பட்பட்டென்று பேசுவாள், என்னைவிட வேகமாகவும் டைப் அடிப்பாள். வாய்ப்பாடு போடுகிற புரோகிராமை அடித்து முடித்து அவள் பட்டனைத் தட்டினாள். டப் என்று ஒரு சத்தம். மானிட்டர் இருண்டது. பின்னாலிருந்து லேசாகக் கருகல் வாசனை. சார் ஓடிவந்தார், பையன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருவன், "பொண்ணுங்க கை வெச்சா இப்டித்தான்" என்றான்.

வெளியே வந்ததும் குழாயடியில் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"டீ, எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்குடி. நான் இன்னிக்குத் தூரம்."

நான் வகுப்பில் முதல் ரேங்க். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்க வேண்டும் என்கிற வியாதி அப்போதே இருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்:

"அதாண்டி! சாமி படம் இருக்கற ரூம்பு, வெள்ளிக்கெழம கற்பூரம் காட்டற எடம். நீ உள்ள போலாமா? அதான் வெடிச்சிச்சி."

அவள் முகம் சுண்டிப்போனது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது, குழாய்த் தண்ணீர் இல்லை. நான் அவளைத் தேற்றவும் செய்தேன், அதுதான் கொடுமை. "பரவால்ல விடு, தெரியாம செஞ்சதுதானே, இனிமே போவாத" என்றேன், ஏதோ பரிகாரம் சொல்கிற ஜோசியர் மாதிரி.

சாயந்திரத்துக்குள் மற்ற ஒன்பது பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மாதவிலக்கு நாட்களில் இருக்கிறவள் லேப் வாசலிலேயே நின்றுவிடுவாள். சார் கேட்டால் "தலவலி சார்." இன்னொரு நாள் "வயித்து வலி சார்." லேபோ வாரத்துக்கு ஒரு பீரியடுதான். மாதத்துக்கு நாலு. அதில் ஒன்றில் நிற்க வேண்டி வந்தால் கால்வாசி போச்சு. சிலருக்கு இரண்டுகூடப் போகும். ஒரு வாரம் மூன்று பேர், ஒரு வாரம் ஐந்து பேர் என்று வராண்டாவில் வரிசையாக நிற்போம். நானும் நின்றிருக்கிறேன். நான் போட்ட சட்டமாயிற்றே.

கருகிய மிஷினைச் சரிசெய்து கொண்டுவந்தார்கள். வந்த அன்றைக்கு உள்ளே போனவர்கள் ஆறே பேர். ஒரு பையன் எழுந்து, "சார், அவங்க கொஞ்சப் பேருதானே வராங்க, ஒரு மிஷின் போதாதா?" என்றான். சார் எங்களைப் பார்த்தார். அதாவது, கீபோர்டைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அன்றோடு அவர்களுக்கு ஐந்து, எங்களுக்கு ஒன்று என்று ஆனது. பதினொரு பேருக்கு ஒரு மிஷின். அதிலும் ஸ்பேஸ் பட்டன் இறங்கினால் ஏறாது, நகத்தால் நெம்பிவிட வேண்டும்.

பிளஸ் டூ வருவதற்குள் ஊரறிந்த உண்மையாகிவிட்டது: பெண் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் ஆர்வம் கிடையாது. சார் ஒரு நாள் வகுப்பிலேயே சொன்னார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்:

"உங்களுக்கு இன்ட்ரஸ்ட் கம்மி போல. பரவால்ல. ரெக்கார்டு நோட்டையாச்சும் நீட்டா எழுதுங்க."

ரெக்கார்டு நோட்டு நீட்டாகத்தான் எழுதினோம். புரோகிராமைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆனால் அதை மிஷினில் அடித்து, தப்பு வந்தால் தேடி, திருத்தி ஓட்டுவது என்பது வேறு. அது கைக்கு வர வேண்டும். பையன்கள் சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் லேபிலேயே கிடந்து கையைப் பழக்கினார்கள். நான் நாலரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எங்களில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த என் தோழிதான் ரொம்பப் பின்தங்கினாள். அந்த டப் சத்தத்துக்குப் பிறகு அவள் உள்ளே போகலாம் என்கிற நாட்களில்கூட கீபோர்டில் உட்காரவில்லை. "நீ அடிடி, நான் பாக்குறேன்" என்பாள். அதைக் கேட்டு நான் சந்தோஷமாக உட்கார்ந்துகொள்வேன்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு தை மாதத்தில் வந்தது. சரியாகப் பௌர்ணமி அன்று. அதைவிடச் சரியாக, முந்தின நாள் மத்தியானம் நான் தூரமாகிவிட்டேன்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போயிருக்கலாம். நாலு பேருக்குச் சொல்லி நாலு பேரும் நம்பிவிட்டதால், அது என்னையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. போனால் மிஷின் வெடிக்கும், போகாவிட்டால் ஆப்சென்ட். ஆப்சென்ட் என்றால் ஃபெயில். ஃபெயில் என்றால் செங்கல் சூளை. சாரிடம் போய் வேறு நாள் கேட்கலாம் என்றால், கீபோர்டைப் பார்த்துப் பேசுகிறவரிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

காலையில் பின்கட்டில், அந்த நாட்களுக்கென்று இருக்கிற தனிப் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அம்மா கடை பரப்பப் போகிற அவசரத்தில் வந்து நின்றாள்.

"ஏய், பரிச்சை வெச்சிக்கினு இன்னாடி ஒக்காந்துனு இருக்க? பஸ்சு போயிடும்."

சொன்னேன். பிள்ளையார் படம், வெடித்த மிஷின், வராண்டாவில் நிற்கிற வழக்கம், எல்லாவற்றையும். அம்மா கேட்டுக்கொண்டாள். "எந்திரி. மூஞ்சக் கழுவிக்கினு வா" என்று கடைக்குக் கூட்டிப்போனாள்.

அப்பா அதற்குள் கீற்று கட்டிவிட்டு நிலத்துக்குப் போயிருந்தார். படம் மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் காட்டினாள்.

"இந்தப் படத்து மேல சில மாசம் துண்டு போட்டிருப்பேனே, பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். சில பௌர்ணமிகளில் படத்தின் மேல் ஒரு சிவப்புக் காசித்துண்டு போர்த்தியிருக்கும். கேட்டால் தூசி என்பாள்.

"தூசியில்லடி. நானுந்தான்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பிளந்தேன்.

"பௌர்ணமி என்னக் கேட்டுக்கினா வருது? ஒரு மாசம் ரெண்டும் ஒண்ணா வந்துச்சின்னா அடுத்தடுத்த மாசமும் ஒண்ணாவே வரும். நான் ஊட்ல போய் ஒக்காந்துட்டா கடைய யாரு பாக்குறது? உங்கப்பனுக்குச் சுண்டல் மடிக்கத் தெரியுமா? துண்டப் போடுவேன், யாவாரத்தப் பாப்பேன். கற்பூரம்கூட இந்தக் கையாலதான் குடுத்தேன்."

"சாமி ஒண்ணும் பண்ணலியாம்மா?"

"இத்தினி வருசமா இங்கதானே கடை போடறேன், என்ன பண்ணிட்டாரு? போ. நீயும் எதனா துணியப் போட்டு மூடிட்டுப் பரிச்சைய எழுது. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

இவ்வளவையும் கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற மாதிரி. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பின்கட்டு, தனித் தட்டு, தனிப் பாய் என்று எல்லாவற்றையும் கறாராக நடத்துகிறவள் அம்மாதான். அவளே வருஷக்கணக்காகச் சாமிக்குக் கண்ணைக் கட்டிவிட்டு வியாபாரம் பார்த்திருக்கிறாள். நான் பஸ் பிடிக்க ஓடினேன். பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் எங்கெங்கோ சுற்றிப் போனது. நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தேர்வுக்கு முன்னால் மிஷின் உறைகளைக் கழற்றி, துடைத்து வைப்பது பெண்கள் வேலை. என் தோழி முன்னமே வந்து எல்லா உறைகளையும் உருவிக் கையில் குவித்து வைத்திருந்தாள். லேபில் வேறு யாரும் இல்லை. நான் நிலைப்படிக்கு வெளியே நின்றேன். அத்தனை தைரியத்தோடு பஸ் ஏறி வந்தவளுக்கு அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை.

"இன்னாடி நிக்கற? உள்ள வா."

"நான் இன்னிக்குத் தூரம்டி."

அவள் கை அப்படியே நின்றது. "அப்ப?"

"உள்ள வரப்போறேன். எங்கம்மா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சி. அவங்க கடையில படத்த மூடிட்டு ஒக்காருவாங்களாம்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண் சிவக்க என்னையே பார்த்தாள்.

"உனக்குன்னு வந்தா மட்டும் ஒண்ணும் ஆவாதா? அப்ப என்னை ஏண்டி அவ்ளோ நாளு வெளிய நிக்க வெச்ச?"

"தப்புதாண்டி. நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். முதல் ரேங்க்காரி தன் தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் ஸ்டூலை இழுத்து சுவிட்ச் போர்டுக்குக் கீழே போட்டாள். ஏறினாள். கையிலிருந்த மானிட்டர் உறை ஒன்றை விரித்துப் பிள்ளையார் படத்தின் மேல் மாட்டினாள். ஊதாத் துணி, வெள்ளை ஃபிரில். பிள்ளையாருக்கு என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"வாடி உள்ள. பெரிய இவ" என்றாள்.

என்னைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோனவள் அவள்தான். என்மேல் அவ்வளவு கோபத்தில் இருந்தவள், தன் கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினாளே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். சார் வந்ததும் மேலே பார்த்தார். "என்னம்மா அது?" அவள் பட்டென்று, "பல்லி எச்சம் விழுது சார், கீழ ஒயர் இருக்கே" என்றாள். அவர் ஒயரைப் பார்த்துத் தலையாட்டினார்.

தேர்வில் ஆறு ஆறு பேராக உள்ளே விட்டார்கள், ஆளுக்கு ஒரு மிஷின்; தோழியும் நானும் ஒரே கூட்டத்தில். சீட்டு எடுத்தேன். கொடுத்த எண்களைச் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்குகிற புரோகிராம். எனக்குத் தலைகீழ்ப் பாடம். பாதி அடித்திருப்பேன். திரை ஒரு தரம் சுருங்கி விரிந்தது. பிறகு அணைந்தே போனது.

பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் ஃபிரிலுக்குப் பின்னால் இருக்கிறார். மன்னிச்சிடு சாமி, மன்னிச்சிடு சாமி என்று மனசுக்குள் அரற்றும்போதே அந்தக் கோடியிலிருந்து ஒரு பையன், "சார், என்னுதும் போச்சு" என்றான். அடுத்து இன்னொருவன். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்தவர் சாரைப் பார்த்தார். சார் சொன்னார்:

"வோல்டேஜ் கம்மி சார். இன்னிக்குப் பௌர்ணமி இல்லியா, லாட்ஜ் பூரா ஆளு, அன்னதானத்துக்குக் கிரைண்டர் ஓடுது, ஊர்ல இருக்கற மோட்டார் எல்லாம் ஓடுது. இவங்க பிளஸ் ஒன் படிக்கறப்ப தீபத்துக்கும் இதே கதைதான். சீரியல் லைட்டப் போட்டு இழுத்து ஒரு மிஷினே புகைஞ்சி போச்சு."

நானும் தோழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்தக் காக்கைமேல் பழியைப் போட்டு, பதினொரு பெண்களை வராண்டாவில் நிறுத்தி, ஒரு மிஷினையும் பறிகொடுத்தேன். சாருக்குக் காரணம் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கு நாங்கள் ஏன் நிற்கிறோம் என்று தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கரண்ட் சீராகும் வரை காத்திருந்து மறுபடி எழுதச் சொன்னார்கள். அடித்தேன், ஒரு இடத்தில் தப்பு வந்தது, தேடித் திருத்தினேன். எண்கள் வரிசையாக வந்து நின்றன. தோழிக்குப் புரோகிராம் முழுசாக ஓடவில்லை. ரெக்கார்டும் பேப்பரில் எழுதிக் காட்டியதும் கைகொடுத்துப் பாஸானாள், அவ்வளவுதான். அவளுக்கு வர வேண்டிய மார்க்கில் எவ்வளவு என்னால் போனது என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்ளும்.

மறுநாள் சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். "என்னம்மா?" என்றேன். "கடையில நின்னது" என்றாள். கடையில் அவள் உட்கார்ந்துதானே இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

நான் பாஸானேன். அத்தை மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான். காலேஜிலும் கம்ப்யூட்டரே படித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோழி வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். மிஷின் மக்கர் பண்ணினால் எனக்குப் போன் போடுவாள். "இன்னாடி, இன்னிக்கு நீ தூரமா? என் சிஸ்டம் நின்னுபோச்சு!" பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கவலையெல்லாம் அவளுக்குக் கிடையாது. இப்படிக் கிண்டல் செய்துதான் அவள் என்னை மன்னித்தாள்.

என் லேபிலும் சாமி படம் உண்டு. அதை எடுக்கச் சொல்லி நான் சண்டை போடவில்லை. வருஷா வருஷம் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவேன்: "எந்த நாளா இருந்தாலும் உள்ள வரணும். தலவலி, வயித்து வலின்னு வாசல்ல நிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தா படத்து மேல துணியப் போட்டுட்டு ஒக்காருங்க." முதலில் நெளிவார்கள், பிறகு சிரிப்பார்கள். உண்மையிலேயே துணி போட்டவர்களும் உண்டு.

ஒரு ஆயுத பூஜைக்கு அம்மாவை லேபுக்குக் கூட்டிப்போனேன். அப்போது அவள் கடையை விட்டு இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், இருபது கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, நேராகப் படத்துக்கு எதிரே போய் நின்று கைகூப்பினாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"எனக்கு எல்லாம் நின்னு போச்சு. இப்பதாண்டி பயமில்லாம சாமியப் பாக்குறேன்" என்றாள்.

"பயமா? உனக்கா? அன்னிக்கு எனக்கு அவ்ளோ தைரியம் சொன்னியே!"

"உனக்குச் சொன்னேன்." அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். "துண்டு போட்ட மாசமெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள பக்கு பக்குன்னுதான் இருக்கும். மாட்டுக்குச் சீக்கு வந்தாலும் என்னாலதான், மல்லாட்டை மழையில போனாலும் என்னாலதான்னு நெனச்சிக்குவேன். அது நான் செஞ்சது, நான் பட்டுக்கிறேன். உன்னப் போன்னு அனுப்பிட்டேன் பாரு, அன்னிக்குத்தான் எனக்குக் கையி காலு ஓடல. கடைய ஏறக்கட்டிட்டு, விடிஞ்சதும் அப்டியே சுத்தக் கெளம்பிட்டேன்."

"எங்க?"

"மலையத்தான். வெறுங்கால்ல. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது சாமி, நாந்தான் அனுப்பினேன், எதுனா செய்யறதா இருந்தா எனக்குச் செய்யின்னு சொல்லிக்கினே சுத்தினேன். பாதி வழியில வெயிலு ஏறிப்போச்சு, தாரு ரோடு கொதிக்குது. மோரு விக்கறவங்க யாரும் இல்ல, பௌர்ணமி முடிஞ்சிபோச்சே."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கெண்ணெய் தடவிய அந்த இரண்டு பாதமும் கண்முன் வந்தன. தைரியசாலி அம்மா அனுப்பி நான் பரீட்சை எழுதினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தவள்தான் அனுப்பியிருக்கிறாள். பயத்தையெல்லாம் தன்னிடம் வைத்துக்கொண்டு தைரியத்தை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ பரிச்சை எழுதியிருப்பியா?" என்றாள் அம்மா. பிறகு பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இதில் எதை அமுக்கினால் எழுத்து வரும் என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.